பொறுக்கச் சொன்னவர்

உங்கள் ஸ்டேஷன் டீயில் இஞ்சி கொஞ்சம் தூக்கல், இன்ஸ்பெக்டர் அம்மா. குறை சொல்லவில்லை. பிடித்துப்போய்த்தான் இரண்டாவது டம்ளர் கேட்டேன். ஏட்டையா எழுதத் தயார் என்றால் ஆரம்பிக்கலாம். நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. தங்கமுத்துவின் பட்டறையில் நடந்தது விபத்து என்று எல்லாரும் ஒத்துக்கொண்டு, அவரை அடக்கமும் செய்து முடித்த பிறகு, நான் ஏன் நானாகவே வந்து இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பது. வாத்தியாரிடம் ஒரு கேள்வி கேட்டால் ஒரு பீரியட் எடுத்துக்கொள்வார். கொஞ்சம் சகித்துக்கொள்ளுங்கள்.

நான் கிரேக்கம் சொல்லிக்கொடுக்கிறவன். சேலத்தில், சூரமங்கலத்தில், ரயில்வே குடியிருப்புகளுக்குப் பின்னால் ஒரு சின்ன வேதாகமப் பள்ளி. கிராமங்களில் ஊழியம் செய்யப்போகிறவர்கள் வந்து படிக்கிறார்கள். கிரேக்கமா, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள் என்று பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் கேட்பார்கள். எங்கள் வேதத்தின் பிற்பாதி முதலில் எழுதப்பட்டது அந்த மொழியில்தான். தமிழில் நாங்கள் படிக்கிற ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் ஒரு கிரேக்கச் சொல் இருக்கிறது. அதைப் புரட்டிப் பார்ப்பது என் வேலை. சாதுவான வேலை. யாருக்கும் எந்தத் தீங்கும் வராத வேலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

வீடு நாமக்கல்லில். தினமும் பஸ்ஸில் போய் வருவேன். லாரிப் பட்டறைகள் வரிசையாக இருக்கிற ரோட்டுக்குப் பின்னால், தகரக் கூரை போட்டது எங்கள் சபை. ஞாயிற்றுக்கிழமை மாலை வேதபாடம் என் பொறுப்பு. டிரைவர்கள், கோழிப் பண்ணையில் வேலை செய்கிறவர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் வருவார்கள். முன்வரிசையில் தங்கமுத்து உட்காருவார். கையில் கிரீஸ் எவ்வளவு தேய்த்தாலும் போகாது என்பதால் வேதப்புத்தகத்துக்குப் பழைய வேட்டித் துணியில் உறை தைத்திருந்தார்.

லாரி பிரேக் வேலையில் அவர் கைக்கு ஒரு பெயர் உண்டு. பரமத்தி வேலூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிற குடும்பம் அவருடையது. வாலிப வயதில் லாரியில் கிளீனராகப் போனவர், எங்கோ வடக்கே ஓர் ஊரில் காய்ச்சலாகக் கிடந்தபோது கவனித்துக்கொண்ட ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் கிறிஸ்தவரானார். தம்பி பெரியசாமி ஆகவில்லை. பொங்கலுக்கு அண்ணன் அங்கே போவார், கிறிஸ்துமஸுக்குத் தம்பி இங்கே வந்து பிரியாணி சாப்பிடுவார். இருவருக்கும் சண்டை என்று ஒன்று கிடையாது. ஆனால் கடைசி நாளில் தம்பி எந்தப் பக்கம் நிற்பானோ என்கிற கவலை தங்கமுத்துவை அரித்துக்கொண்டே இருந்தது.

கடைசி நாள் என்றால் எங்கள் சபையில் எல்லாருக்கும் ஒரே படம்தான். ஆண்டவர் வருவார், விசுவாசிகளைப் பருந்து கோழிக்குஞ்சைத் தூக்குவதுபோல மேலே தூக்கிக்கொண்டு போய்விடுவார், பைபாஸில் லாரி டிரைவர் இல்லாமல் ஓடும், பூமி எரியும். நான் அந்தப் படத்தை உடைத்தேன். வேதத்தில் அந்த இடத்தில் அப்போஸ்தலர் பவுல் எழுதின சொல் அபாந்தேசிஸ். எதிர்கொண்டு போதல். ஒரு ராஜா ஊருக்கு வரும்போது, ஊரார் எல்லைவரைக்கும் போய் வரவேற்று, அவரோடு கூடவே ஊருக்குள் திரும்பி வருவதற்கு அந்தக் காலத்தில் வழங்கிய சொல். போய்த் தங்கிவிடுவதற்கான சொல் இல்லை அது. இப்படிச் சொல்லிவிட்டு, வழக்கம்போல, இதில் அறிஞர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை என்று சேர்த்துக்கொண்டேன். எந்தப் பாடத்தையும் நான் அப்படித்தான் முடிப்பேன். பையன்கள் முதுகுக்குப் பின்னால் எனக்கு வைத்திருக்கிற பட்டப்பெயரே "ஒருமித்த கருத்து"தான்.

தங்கமுத்து கையைத் தூக்கினார்.

"ஏனுங்க வாத்தியாரே, அப்ப மாப்பிள்ளை அழைப்பு மாதிரிங்களா? எல்லையில நிறுத்தி, மாலையப் போட்டு, மேளத்தோட ஊட்டுக்குக் கூட்டிட்டு வாரமில்லீங்க, அதுங்களா?"

அதேதான் என்றேன். அவர் முகம் மலர்ந்துபோயிற்று.

"அப்பறமென்னங்க, அவரு வந்து இருக்கப்போறது நம்மூர்லதானுங்க. மாப்பிள்ளை வார நேரத்துல ஊடு கூட்டாம, சொந்தபந்தம் பாதிப்பேர் வராம இருந்தா நல்லாவாங்க இருக்கும்?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரு சொல்லை விளக்கினேன், ஒரு மனிதருக்கு உலகமே வேறாகத் தெரிந்தது. வாத்தியாருக்கு வேறென்ன சந்தோஷம் வேண்டும். அன்றிலிருந்து தங்கமுத்துவின் ஜெபம் மாறிவிட்டது. மற்றவர்கள் எல்லாரும் சீக்கிரம் வாரும் ஆண்டவரே என்று ஜெபிப்பார்கள். அவர் மட்டும், "இன்னுங் கொஞ்சம் பொறுங்க சாமி" என்பார்.

இப்போது என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜெயப்பிரியா. கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். சிரித்தால் மூக்கு சுருங்கும். சின்ன வயதில் நான் கிரேக்க எழுத்துகளைச் சொல்லிக்கொடுத்தேன். வேதம் படிப்பாள் என்று பார்த்தால், தோழிகளோடு ரகசியம் எழுதிக்கொள்ள அதைப் பயன்படுத்தினாள். தங்கமுத்துவின் பட்டறை வழியாகத்தான் கல்லூரி பஸ்ஸுக்குப் போவாள். "பாத்துப் போ சாமி, லாரி ரிவர்ஸ் எடுக்குது" என்று அவர் லாரிக்கு அடியிலிருந்தே குரல் கொடுப்பார். கடவுளையும் சாமி என்பார், இவளையும் சாமி என்பார். போன ஐப்பசியில் காய்ச்சல் வந்து இறந்துபோனாள். டெங்கு. நான் அப்போது சேலத்தில், அஸ்தம்பட்டியில், கடைசிக் காலத்தைப் பற்றிய ஒரு கூட்டத்தில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். வந்து சேருவதற்குள் நேரம் ஆகிவிட்டது. அவ்வளவுதான். அதை விரிவாக எழுத வேண்டியதில்லை.

அம்மா, கல்லறைத் தோட்டத்துக்குக் கிரேக்கத்தில் என்ன சொல் தெரியுமா? தூங்குமிடம். வழிப்போக்கர்கள் இரவு தங்கிவிட்டு எழுந்து போகிற அறைக்கு என்ன சொல்லோ, அதையேதான் ஆதிக் கிறிஸ்தவர்கள் புதைக்கிற இடத்துக்கும் வைத்தார்கள். இறந்தவர்களை அவர்கள் தூங்குகிறவர்கள் என்றுதான் சொன்னார்கள். இதை நான் எத்தனையோ அடக்க ஆராதனைகளில் மற்றவர்களுக்குச் சொல்லி ஆறுதல் கொடுத்திருக்கிறேன். என் பிள்ளையை அங்கே படுக்க வைத்துவிட்டு வந்த பிறகுதான் அந்தச் சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. படுத்தவள் எழுந்திருப்பாள். ஆண்டவர் வந்தால் எழுந்திருப்பாள். உலகத்தின் முடிவு வந்தால் ஆண்டவர் வருவார். அப்படியென்றால் முடிவு ஏன் வரவில்லை? எனக்கு அதற்கப்புறம் வேறு படிப்பே இல்லாமல் போயிற்று. சாப்பாடு இறங்கவில்லை. அவள் துவைத்துப்போட்ட துப்பட்டா கொடியில் காய்ந்து வெளுத்து நைந்தது. அதை எடுத்து மடிக்க எங்கள் இருவருக்குமே கை வரவில்லை. என் மனைவி உண்ணாமலை கொஞ்ச நாளில் ராசிபுரத்தில் அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. என் முகத்தைப் பார்த்தால் அவளுக்குப் பேச்சு வரவில்லை.

கேள்விக்குப் பதில் இருக்கிற இடம் எனக்குத் தெரியும். பவுல் ஒரு சபைக்கு எழுதும்போது, முடிவு உடனே வராது, அதை இப்போது ஒன்று பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கிறது என்கிறார். அடுத்த வரியிலேயே, பிடித்து நிறுத்துகிறவன் ஒருவன் இருக்கிறான், அவன் நடுவிலிருந்து விலகும்வரைதான் தாமதம் என்கிறார். கிரேக்கத்தில் கதேகோன். உங்களுக்குத்தான் அது யாரென்று தெரியுமே என்று அந்தச் சபையாரிடம் சொல்லிவிட்டு, அவர் பாட்டுக்கு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு வந்த நமக்குத்தான் தெரியவில்லை. ரோம ராஜ்யம் என்றார்கள், அதை ஆண்ட ராயன் என்றார்கள், ஒரு தேவதூதன் என்றார்கள், பரிசுத்த ஆவி என்றார்கள், சுவிசேஷம் எல்லாருக்கும் போய்ச் சேருவதற்காகக் கொடுக்கப்பட்ட தவணை என்றார்கள். தலைமுறை தலைமுறையாகப் படித்தவர்கள் மண்டையை உடைத்துக்கொண்ட இடம் அது.

தை மாதம் வேதபாடத்தில் அந்தப் பகுதியை எடுத்தேன். பிடித்து நிறுத்துவது என்றால் எப்படி என்று ஒரு டிரைவரின் மனைவி கேட்டாள். தங்கமுத்து எழுந்து சொன்னார்.

"பிரேக்கைக் கழட்டிப்போட்ட வண்டிக்கு, டயருக்கு முன்னால கல்லு வெப்பமில்லீங்க, அந்த மாதிரிங்கம்மா. லோடு வண்டி போகோணும்னுதான் நிக்கும். கல்லுதான் புடிச்சுட்டு நிக்குது. கல்ல எடுத்தா வண்டி தானாப் போயிரும்."

நல்ல உதாரணம் என்று பாராட்டினேன். அப்போது என் மனதில் வேறு எதுவும் இல்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், நான் எதையும் முன்கூட்டித் திட்டம் போடுகிற ஆள் இல்லை.

மனைவி போனபின் வீட்டில் இருக்க முடியாமல், பள்ளி விடுமுறையான நாட்களில் அவருடைய பட்டறையில் போய் உட்காருவேன். ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுப்பார். பழைய பேப்பரால் முகத்துக்கு விசிறிக்கொண்டு நான் உட்கார்ந்திருக்க, அவர் லாரிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்து வேலை செய்வார். மற்ற பட்டறைகளில் பாட்டு ஓடும். இவர் ஜெபம் பண்ணிக்கொண்டே ஸ்பேனர் பிடிப்பார். பக்கத்தில் ஆள் இருக்கிறதே என்றெல்லாம் கூச்சம் கிடையாது. என் தம்பிக்காகப் பொறுங்க சாமி. டயர் கடை மயில்சாமிக்காகப் பொறுங்க சாமி, அவனுக்கு உங்க பேரே இன்னும் வாயில சரியா வரலீங்க. தம்பி மகள் தனப்பிரியாவுக்காகப் பொறுங்க, அவ வயித்துல இருக்கற குழந்த வெளிய வரட்டுமுங்க. இப்படி ஒவ்வொரு பேராகச் சொல்லிக்கொண்டு போவார். கடைசியாக ஒரு பேருக்கு மட்டும் குரலைத் தாழ்த்திவிடுவார். லாரிக்கு அடியிலிருந்து அது எனக்குக் கேட்காது.

அங்கே உட்கார்ந்து கேட்கக் கேட்க எனக்கு ஒன்று தெளிவாயிற்று. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான பேர் சீக்கிரம் வாரும் என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரே ஒருவர், நான் பார்த்தவர்களிலேயே சுத்தமான மனதுக்காரர், வேண்டாம் வேண்டாம் என்கிறார். நீதிமானின் வேண்டுதலுக்குப் பலம் அதிகம் என்று நாங்கள் நம்புகிறோம். அவர் கெட்டவராக இருந்திருந்தால் அவர் ஜெபத்தைப் பற்றி நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். அவர் நல்லவராக இருந்ததுதான் சிக்கல். ஒரு தலைமுறைக்கு ஓர் ஆளாக அந்தக் கல் கைமாறி வந்திருக்கலாம், இப்போது நாமக்கல்லில் ஒரு பட்டறையில் இருக்கலாம். சிரிக்கிறீர்களா? ஒரு தச்சன் மகன் மாட்டுக் கொட்டகையில் பிறந்தார் என்பதைவிட இது ஒன்றும் நம்ப முடியாதது இல்லை.

ஒருமுறை அவரிடம் பேசிப் பார்த்தேன். நிதானமாகத்தான் சொன்னேன். பொறுக்கச் சொல்லாதீர்கள் தங்கமுத்து, காத்துக்கொண்டிருக்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஒவ்வொரு நாளும் பாரம் என்றேன்.

அவர் சக்கரத்துக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி என்னைப் பார்த்தார்.

"அப்பிடிக் காத்துட்டு இருக்கறவியளுக்காவந்தானுங்க வாத்தியாரே கேக்கறேன்."

அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டேன். நல்லவர்களுடைய பிடிவாதம்தான் கடினம்.

அன்று நடந்ததைச் சொல்கிறேன். ஏட்டையா, மெதுவாகவே எழுதுங்கள், அவசரம் இல்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரம். கோழித்தீவன மூட்டை ஏற்றிய ஒரு லாரி ரோட்டைப் பார்த்து நின்றது. பட்டறைத் தரை ரோட்டுப் பக்கமாகக் கொஞ்சம் சரிவு. பிரேக்கைக் கழற்றிப் போட்டிருந்தார். முன்சக்கரங்களுக்கு முன்னால் பக்கத்துக்கு ஒன்றாகக் கல் அண்டக் கொடுத்திருந்தது. பின்சக்கரத்துக்கு முன்னால், குறுக்கே, அவர் சாக்கை விரித்துப் படுத்திருந்தார். வேலையாட்கள் மெஸ்ஸுக்குப் போயிருந்தார்கள். அவர்கள் போனதைப் பார்த்துவிட்டுத்தான் நான் உள்ளே போனேன். சம்பந்தமில்லாத ஒருவருக்கு அடிபட்டுவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன்.

சுத்தியல் வாசலிலேயே கிடந்தது. இடது பக்கக் கல்லை முதலில் தட்டினேன். அது சுலபமாக வந்துவிட்டது.

"ஆருங்க?" என்றார்.

"நான்தான்."

"வாத்தியாருங்களா. உக்காருங்க, வந்தர்றேன். அந்தக் கல்லு சரியா உக்காந்திருக்குதான்னு மட்டும் கொஞ்சம் பாருங்க. என்னமோ தட்டற சத்தம் கேட்டுது."

"பார்க்கிறேன்" என்றேன்.

வலது பக்கக் கல் இறுகிப் பிடித்திருந்தது. சில தடவை ஓங்கி அடிக்க வேண்டியிருந்தது. கல் விலகியதும் லாரி நகர்ந்தது. பெரிய சத்தம் எதுவும் இல்லை. அவர் "பொறுங்க, பொறுங்க" என்றார். என்னிடம் சொன்னாரா, அவருடைய சாமியிடம் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. குரல் பயந்த குரலாக இல்லை. அதற்குப் பிறகு குரல் இல்லை.

ரோட்டோரத்து மின்கம்பத்தில் முட்டி லாரி நின்றுவிட்டது. நான் கூச்சல் போட்டு ஆட்களைக் கூப்பிட்டேன். அழுதேன். அந்த அழுகை நடிப்பு இல்லை. எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும், அம்மா. கல் தேய்ந்துபோனது, நழுவியிருக்கும் என்று மற்ற மெக்கானிக்குகளே பேசிக்கொண்டார்கள். வாத்தியார் கண் முன்னால் நடந்துவிட்டதே, பாவம், ஏற்கெனவே பிள்ளையைப் பறிகொடுத்த மனுஷன் என்று எனக்கு சோடா வாங்கிக் கொடுத்தார்கள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் குளித்தேன். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டேன். ஜெயப்பிரியாவின் செருப்பு வாசலில்தான் இருந்தது, அவள் விட்ட இடத்திலேயே. அதைத் தட்டித் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். அங்கே நெருஞ்சி முள் அதிகம். எழுந்து வருகிறவள் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேகம் எதுவும் இல்லை. ரோட்டில் முட்டை லாரிகள் வரிசையாகக் கேரளாவுக்குப் போய்க்கொண்டிருந்தன. கொஞ்சம் காற்று அடித்தது. நான் எழுந்து நின்றேன். காற்றுதான், வேறொன்றும் இல்லை. இருட்டுகிற வரைக்கும் இருந்துவிட்டு, செருப்பை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

அடக்க ஆராதனையில் பிரசங்கம் பண்ணினதும் நான்தான். சபையார் கேட்டுக்கொண்டார்கள், மறுக்க முடியவில்லை. தூங்குமிடம் என்கிற சொல்லைத்தான் விளக்கினேன். நன்றாக வந்தது என்று சொன்னார்கள். எல்லாம் முடிந்து மண் போடும்போது பெரியசாமி குழியின் ஓரத்தில் குனிந்து, உள்ளே பார்த்துப் பேசினார்.

"அண்ணா, நீ கேட்டுட்டிருந்தத இனி நாங் கேக்கறேன். நீ நிம்மதியாத் தூங்கு."

கையில் அள்ளிய மண்ணைப் போடாமல் நின்றேன். ஞானஸ்நானம் எடுக்காதவர், எந்தக் கடவுளிடம் கேட்பார், எப்படிக் கேட்பார் என்று தெரியாது. ஆனாலும் முடிவு வரவில்லையே. கல் இருந்த இடத்தில் இன்னொரு கல் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

நேற்று பஸ் ஏறிப் பரமத்தி வேலூருக்குப் போனேன். ஏன் போனேன் என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். பெரியசாமி கொடிக்காலில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். இளநீர் வெட்டிக் கொடுத்தார். கொடிக்காலை ஒட்டி ஒரு கிணறு, கைப்பிடிச் சுவர் கிடையாது. அதன் விளிம்பில்தான் நின்று பேசிக்கொண்டிருந்தோம். கிணறு எவ்வளவு ஆழம் என்று கேட்டேன். அவர் சொன்னார். நீச்சல் தெரியுமா என்றும் கேட்டேன்.

"இந்தக் கெணத்துலயே பொறந்து வளந்தவனுங்க நானு" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, அண்ணனைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

"உங்களப் பத்தித்தானுங்க எப்பவும் பேச்சு. மொதல்ல எனக்காவத்தான் அண்ணன் சாமிகிட்டத் தவண கேட்டுட்டு இருந்துச்சு. அப்பறம் ஒருநா வந்து சொல்லுது, 'டே பெரியா, உன்னைய உட்டாக்கூடப் பரவால்லடா. இப்ப வாத்தியாருக்காவத்தான் முக்கியமாக் கேக்கறேன். அந்தப் புள்ள எந்திரிச்சு வந்தா, அது மொகத்தப் பாக்கற தெம்பு அவருக்கு இன்னும் வரல. அந்தத் தெம்பு வார மட்டும் பொறுங்கன்னு கேக்கறேன்'னு. அதயேதானுங்க இப்ப நானுங் கேட்டுட்டு இருக்கறேன். எனக்குத் தெரிஞ்ச சாமிகிட்டக் கேக்கறேன்."

என்ன தெம்பு, நான் எதற்குப் பயப்பட வேண்டும் என்று கேட்டேன். அவர் கொடிக்காலுக்குள் போனார். ஒரு கட்டு வெற்றிலை பறித்து, வாழைநாரில் கட்டி, அம்மாவுக்குக் கொடுங்க என்று என் கையில் கொடுத்தார். உண்ணாமலை வெற்றிலை போடுவதில்லை என்று அவரிடம் சொல்லவில்லை. கிணற்றைப் பார்த்தேன். பிறகு வந்த வழியே ரோட்டுக்கு வந்து, பஸ் ஏறி, நேற்று இரவே நேராக இங்கே வந்துவிட்டேன். அந்த வெற்றிலைதான் இந்த மேஜையில் இருக்கிறது, கொஞ்சம் வாடிவிட்டது.

தங்கமுத்துவைக் கொன்றது நான்தான். இரண்டு கல்லையும் தட்டி எடுத்தது என் கைதான். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று சொன்னால் போட்டுவிடுகிறேன்.

இன்னொரு கேள்வியா? கேளுங்கள்.

சரி. ராசிபுரத்துக்குப் போன் போட்டு உண்ணாமலையிடம் நீங்கள் பேசியிருக்கிறீர்கள். அப்படியென்றால் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், என்னிடம் கேட்டுச் சரிபார்க்கிறீர்கள். நல்லது, நானும் பரீட்சையில் அப்படித்தான் செய்வேன். ஆமாம், அந்த ஐப்பசியில் அவள் எனக்குப் போன் பண்ணினாள். நான் மேடைக்குப் பக்கத்தில் இருந்தேன். பிள்ளைக்குக் காய்ச்சல் விடவே இல்லை, கண்ணைத் திறக்க மாட்டேன் என்கிறாள், தங்கமுத்து அண்ணன் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியிருக்கிறார், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகட்டுமா என்று கேட்டாள். அவர் பக்கத்தில் நிற்பதும் கேட்டது. "ஒரு வார்த்த சரின்னு சொல்லச் சொல்லுங்கம்மா, நாங் கொண்டு போறேன்" என்றார். என் பாடம் ஆரம்பிக்க இருந்தது. ஜனம் நிறைந்திருந்தது. ஆண்டவருடைய வருகை என்கிற சொல்லைத்தான் அன்று எடுத்தேன், நான் எடுத்ததிலேயே நல்ல பாடம் அது. என் பிள்ளையை நான் இல்லாமல் இன்னொருவர் தூக்கிக்கொண்டு போவது எனக்குச் சரியாகப் படவில்லை. சாதாரணக் காய்ச்சல்தான், பாடம் முடிந்ததும் நானே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். உண்ணாமலை என் சொல்லைத் தட்டினதே இல்லை. கார் வாசலில் அப்படியே நின்றதாம். தங்கமுத்து இறங்காமல் உட்கார்ந்திருந்தாராம். நான் வந்துசேரும் வரைக்கும்.

நான் சொன்ன வார்த்தை எதுவா? நினைவிருக்கிறது. "பொறுங்கள்" என்றேன்.

அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, அம்மா. இது வேதத்தைப் பற்றிய விஷயம். அன்று அந்தக் காரைப் பிடித்து நிறுத்தியது யார் என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், ஏட்டையா, இப்படி எழுதிக்கொள்ளுங்கள்: இதில் அறிஞர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை.